எட்டு மில்லிவாட்

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டை ஒட்டிய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அந்தக் கம்பெனி இருந்தது. அறுபது பேர் வேலை. சிப்பை இங்கே டிசைன் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே அடித்து வரும். அந்த அறுபது பேரில் மௌனிகாவும் தனபாலும் ஒரே சர்க்யூட்டின் இரண்டு முனைகளைச் செய்தவர்கள். அவன் அனுப்பும் பக்கம், இவள் வாங்கும் பக்கம். இரண்டு மேசைக்கும் நடுவே பன்னிரண்டு அடிகூட இருக்காது. அதைச் செய்த பதினொரு மாதமும் அந்தப் பன்னிரண்டு அடியை அவர்கள் ஈமெயிலில்தான் கடந்தார்கள்.

ஒரு சிப்பிலிருந்து பக்கத்துச் சிப்புக்குத் தகவல் கடத்துவதுதான் அந்த சர்க்யூட்டின் வேலை. அதற்கு இரண்டு கம்பி. ஒன்றில் வோல்டேஜ் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். வாங்கும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒன்றுபோலவே விழுவதால் கழிந்துபோகும். ஆகவே சின்ன வோல்டேஜே போதும், மின்சாரமும் மிச்சம். இதெல்லாம் நொடிக்கு எண்ணூறு கோடி தடவை தப்பில்லாமல் நடக்க வேண்டும்.

எவ்வளவு சின்ன வோல்டேஜ் என்பதில்தான் சண்டை. அனுப்புகிறவன் வோல்டேஜைக் குறைத்தால் அவன் பக்கம் மின்சாரம் மிச்சமாகும். வாங்குகிறவளோ அந்த மெல்லிய வித்தியாசத்தைப் பிடிக்க இன்னும் அதிகமாகச் செலவழித்தாக வேண்டும். தனபால் மிச்சம் பிடிக்கப் பிடிக்க மௌனிகாவின் செலவு ஏறியது. வாராவாரம் மீட்டிங்கில் திரையில் அவன் எண் பச்சையாகவும் இவள் எண் சிவப்பாகவும் தெரிந்தன. ஏன் சிவப்பு என்று யாரும் கேட்கவில்லை.

மௌனிகா கணபதியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சுந்தரராஜுலு அங்கே லேத் பட்டறை வைத்திருந்தார். பம்ப் ஷாஃப்ட் கடைகிற வேலை. அவரும் தம்பி ராமுலுவும் சேர்ந்து ஆரம்பித்தது. ஒரு ஆர்டரில் முந்நூறு ஷாஃப்ட் அளவு தப்பித் திரும்பி வந்தது. யாரால் தப்பியது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை மூண்டு, பட்டறைக்கு நடுவில் ஹாலோ பிளாக் சுவர் எழும்பியது. அப்போது மௌனிகாவுக்கு ஒன்பது வயது. சித்தப்பா மகளின் கல்யாணப் பத்திரிகை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூரியரில் வந்தது. அளவு தப்பியது யாரால் என்று இரண்டு பேருக்குமே தெரியும் என அம்மா ரங்கம்மாள் ஒருநாள் சொன்னாள். யாரால் என்று மட்டும் அவளும் சொல்லவில்லை.

மகள் நன்றாகப் படித்தாள். பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். கிஷனைக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூருக்கே திரும்பி, குழந்தை பிறந்து மூன்று வருடம் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு இந்தக் கம்பெனிக்கு இன்டர்வியூ வந்தாள். கேள்வி கேட்டவர்களில் ஒருவன் தனபால். கிணத்துக்கடவுக்காரன், தென்னந்தோப்பு உள்ள குடும்பம். அவனும் பெங்களூரில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன்தான். போர்டில் ஒரு ரிசீவர், அதாவது வாங்கும் பக்க சர்க்யூட், போட்டுக் காட்டச் சொன்னான். அவள் பாதி போட்டிருப்பாள். அவன் எழுந்து வந்து, டஸ்டரைக்கூடத் தேடாமல் உள்ளங்கையால் அந்தப் பாதியை அழித்தான்.

"இது காலேஜ்ல போடற படமுங்க. வேற ஏதாச்சும் இருந்தாப் போடுங்க" என்றான்.

அவள் வேறு போட்டாள். வேலையும் கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் கிருபாசங்கர் அவளைக் கூப்பிட்டு, "ஒருத்தரு வேண்டாம்னு எழுதியிருந்தாருங்க. நான்தான் பரவால்லைன்னு எடுத்தேன்" என்று சொல்லிவைத்தார். அந்த ஒருவர் யாரென்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. முறைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேரிடமிருந்து இரண்டு மடங்கு வேலை வாங்கலாம் என்பது கிருபாசங்கரின் நம்பிக்கை. அதற்கு வேண்டிய விறகை அவ்வப்போது தள்ளிவிடுவார்.

ஐந்து வருடம் இப்படியே போயிற்று. கோயம்புத்தூரில் சண்டை போடுகிறவர்களும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். குரல் உயராது. அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றும் நடக்காததுபோலவே இருக்கும். தனபால் திங்கட்கிழமைகளில் தோப்பிலிருந்து இளநீர் கொண்டுவந்து எல்லோர் மேசையிலும் வைப்பான். அவள் மேசையிலும் வைப்பான், அதில் குறை வைக்க மாட்டான். அவள் அதைத் தொட மாட்டாள். சாயங்காலம் பெருக்க வருகிற பூவாத்தாள் எடுத்துப் போவாள்.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. வாடிக்கையாளர் கேட்டது, அனுப்புவது வாங்குவது இரண்டும் சேர்ந்து எட்டு மில்லிவாட். அதுவரை அந்தக் கம்பெனி பத்துக்குக் கீழே போனதில்லை. கிருபாசங்கர் யோசிக்காமல் சரி என்றுவிட்டார்.

தனபால் இருநூறு மில்லிவோல்ட்டாக இருந்ததை நூற்றிருபதுக்கு இறக்கினான். அவன் பக்கம் மூன்று புள்ளி எட்டில் வந்து நின்றது. மௌனிகாவின் ரிசீவர் ஐந்து புள்ளி ஒன்றுக்கு ஏறிவிட்டது. கடைசி ரிவ்யூவில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எம் பக்கம் மூணு புள்ளி எட்டுங்க" என்று ஆரம்பித்தான் தனபால். "நாலு புள்ளி ரெண்டு அவங்களுக்குன்னு உட்டுருக்கேன். அதுக்கு மேல நான் என்னத்தைங்க குறைக்கறது?"

"நூத்திருபதுல அனுப்புனா சூடான சிப்புல பிட் தப்புமுங்க சார்" என்று மௌனிகா கிருபாசங்கரைப் பார்த்துச் சொன்னாள். தனபாலைப் பார்த்து அவள் பேசுவதில்லை. "நூத்தம்பதாச்சும் வேணும். அதுக்குக் கீழ ரிசீவருக்குப் பத்தாது."

"கணக்கு இருக்குதுங்களா, இல்லை தோணுதுங்களா?"

"என்ற அனுபவம் சொல்லுதுங்க."

"அவங்க பயப்படறாங்க சார்" என்றான் தனபால். "அவங்க பயத்துக்கெல்லாம் நான் கரண்ட் குடுக்க முடியாதுங்க."

யாரோ சிரித்தார்கள். யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்குப் போய், நூற்றிருபது மில்லிவோல்ட்டில் சூடான சிப்பு தோற்கும் என்று தேதி போட்டு எல்லோருக்கும் மெயில் அனுப்பினாள். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு காதிலிருந்து போகவில்லை.

டிசைனை அனுப்ப இரண்டு நாள் பாக்கி இருந்தபோது, அவள் தன் ரிசீவரின் முதல் கட்டத்துக்குப் போகும் கரண்டைக் குறைத்தாள். ஐந்து புள்ளி ஒன்று நான்கு புள்ளி ஒன்றானது. உண்மையில் அதை, சிப்பில் எது எங்கே உட்காரும், கம்பி எப்படி ஓடும் என்கிற லேஅவுட்டோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் முழுதாக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மூன்று நாள் ஆகும். அவள் வரைபடத்தை மட்டும் வைத்து ஓட்டினாள். தேறியது. செக்லிஸ்ட்டில் 'லேஅவுட் சோதனை முடிந்தது' என்ற கட்டத்தில் பழைய ரிசல்ட்டைக் காட்டி டிக் அடித்தாள். அவள் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் திரையில் மொத்தம் ஏழு புள்ளி ஒன்பது என்று வந்தது. தனபால் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டான். அதைப் பார்த்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

ஐந்து மாதம் கழித்துச் சிப்பு வந்தது. சாதாரணச் சூட்டில், வந்த இருபதும் வேலை செய்தன. கீழ்த்தள லேபில் இருந்த ஓவனுக்குள் வைத்து நூற்றைந்து டிகிரிக்கு ஏற்றியதும் ஏழு தோற்றன. அனுப்பியது ஒன்று, வாங்கியது வேறொன்று.

கிருபாசங்கர் அன்று மத்தியானமே மௌனிகாவின் பழைய மெயிலைத் திரையில் போட்டார். அதைப் பெரிதாக்கி ஒருமுறை சத்தமாகவும் படித்தார்.

"நூத்திருபதுன்னு முடிவு பண்ணுனது யாருங்க?"

"நான்தானுங்க சார்" என்றான் தனபால்.

"அப்ப ஏன் இவங்க சொன்னதைக் கேக்கலை?"

"நான் அன்னைக்கே எழுதியிருந்தேனுங்க" என்றாள் மௌனிகா. எல்லோரும் இப்போதுதான் அந்த மெயிலைப் படித்திருந்தார்கள். அவள் வாயால் அதை மறுபடி சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை லேபில் அவள் தனியாக இருந்தாள். தோற்ற ஏழில் ஒன்றை ஓவனில் வைத்திருந்தாள். தான் சொன்னதை ஆதாரத்தோடு நிரூபித்து வைக்கலாம் என்று, வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டினாள். வோல்டேஜ் போதாமல் பிட் தப்புவதாக இருந்தால் மெதுவாக ஓடினாலும் தப்பத்தான் வேண்டும். ஒரு பிட்கூடத் தப்பவில்லை. அடுத்த சிப்பை மாட்டினாள். அதிலும் இல்லை. ஏழையும் ஓட்டி முடித்தாள்.

வேகமாக ஓடும்போது மட்டும் தோற்கிறது என்றால், வாங்கும் பக்கம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. அதாவது கரண்ட் போதவில்லை. ரிசீவர் கரண்டை வெளியிலிருந்து ஏற்றி இறக்க அவளே சிப்புக்குள் எண் எழுதிவைக்கிற ஒரு சின்ன ரெஜிஸ்டர் வைத்திருந்தாள். அதில் எண்ணை மாற்றி, தான் வெட்டிய ஒரு மில்லிவாட்டைத் திரும்பக் கொடுத்தாள். முழு வேகத்தில் ஏழு சிப்பும் சுத்தமாக ஓடின, தனபாலின் அதே நூற்றிருபது மில்லிவோல்ட்டில்.

தப்பு தன்னுடையது என்பதைவிட அவளை அதிகமாகச் சுட்டது இன்னொன்று. நூற்றிருபது போதும் என்று அவன் சொன்னது சரி. அவளுடைய மெயில் தேதி போட்டுத் தெளிவாகச் சொன்னது முழுக்கத் தவறு.

எண்ணைப் பழையபடி மாற்றினாள். ஓவனை அணைத்தாள். கேன்டீனுக்குப் போய் எலுமிச்சை சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் அவளுக்கு நன்றாகவே பசித்தது.

தனபாலுக்கு அந்த மூன்று நாளும் விசாரணையாகவே போயிற்று. காலையும் மாலையும் வாடிக்கையாளரோடு போன் கால். ஸ்பீக்கரில் ஒரு குரல் கேள்வி கேட்கும். தனபால் தலையைக் குனிந்தபடி பதில் சொல்வான். ஏன் தோற்கிறதென்று அவனுக்கே புரியவில்லை. அதனால் அவன் பதில்கள் ஒன்றோடொன்று இடித்தன. முந்தின நாள் சொன்னதை எடுத்துக்காட்டி அந்தக் குரல் மறுபடி கேட்கும். மௌனிகா எதிரே உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் கிஷனிடம் சொன்னாள். அவன் பம்ப் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரிவில் இருந்தான். சர்க்யூட் தெரியாது, மனிதர்களைத் தெரியும். வீட்டில் அவர்கள் தெலுங்கில்தான் பேசிக்கொள்வார்கள்.

"நீ சொல்லாவிட்டால் யாராவது கண்டுபிடிப்பார்களா?" என்று கேட்டான்.

"இப்போதைக்கு மாட்டார்கள்."

"உன் இடத்தில் அவன் இருந்தால் சொல்வானா?"

"மாட்டான்."

"அப்புறம் என்ன?"

கிஷன் சொன்னதில் அவளுக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. குழந்தைக்குச் சாப்பாடு போடப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை கிருபாசங்கர் முடிவை அறிவித்தார். அனுப்பும் பக்கத்தை மாற்றி, நூற்றைம்பது மில்லிவோல்ட்டாக்கிப் புதிதாகச் சிப்பு அடிப்பது. நான்கு மாதம் தள்ளிப்போகும். தனபாலை இந்த வேலையிலிருந்து எடுத்தாயிற்று. மாற்றுகிற பொறுப்பும் மௌனிகாவுக்குத்தான். சொல்லிவிட்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் ஐந்து வருடமாக ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவள் மடியில் வந்து விழுந்தது. ஆனால் நோய் ஓரிடத்திலும் மருந்து ஓரிடத்திலுமாக நான்கு மாதம் போகப்போகிறது. திரும்பி வருகிற சிப்பு மறுபடியும் தடுமாறும், அல்லது தடுமாறாமல் தப்பித்து யாருடைய கருவிக்குள்ளோ போய் உட்கார்ந்துகொண்டு ஒரு கோடை காலத்தில் தோற்கும். அனுப்பும் பக்கத்தில் தோற்காத ஒரு டிரான்ஸ்மிட்டரை, அது நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டே, தன் கையாலேயே பிரித்துத் திருத்த வேண்டும். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தனபாலின் மேல் இரக்கம் வந்ததா என்றால், இல்லை. அவன் முகத்தைப் பார்க்கும்போது இப்போதும் எரிச்சல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மீட்டிங்கில் தன் லேப்டாப்பை மாட்டினாள். பாதி வேகத்தில் ஓடிய ரிசல்ட், கரண்டை ஏற்றி ஓடிய ரிசல்ட், இரண்டையும் காட்டினாள்.

"டிரான்ஸ்மிட்டர்ல தப்பில்லீங்க சார். ரிசீவர்லதான். கடைசி ரெண்டு நாள்ல நான் கரண்டைக் குறைச்சேன். லேஅவுட்டோட ஓட்டிப் பாக்காம டிக் அடிச்சுப்போட்டேன். ரெஜிஸ்டரை மாத்துனாப் போதும், சிப்பு புதுசா வேண்டாம். ஆனா எட்டு வராதுங்க. எட்டு புள்ளி ஒம்பது வரும்."

கிருபாசங்கர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எப்பங்க கண்டுபுடிச்சீங்க?"

நேற்று என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் தனபால் தன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான். லேப் ஓவனில் எப்போது என்ன ஓடியது என்ற பதிவை, அவள் பேசிக்கொண்டிருந்தபோதே அவன் திறந்து வைத்திருந்தான்.

"செவ்வாக்கெழமைங்க சார். பதினொண்ணு நாப்பதுக்கு முதல் சிப்பு. ஒண்ணு அம்பதுக்கு ஏழும் முடிஞ்சுருச்சு. அதுக்கப்புறம் பழைய நம்பரே மறுபடி போட்டிருக்குதுங்க."

அறையில் இருந்த யாரும் அவளைப் பார்க்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மத்தியானம் பார்க்கிங்கில் தனபால் அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அந்தப் பதினொரு மாதத்தில் மீட்டிங்குக்கு வெளியே நேருக்கு நேர் அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

"நன்றி சொல்லுவேன்னு எதிர்பாக்கறீங்களா?"

"இல்லீங்க."

"மூணு நாளுங்க. அந்த ஆளு போன்ல கேக்கறப்ப எனக்கே எம் மேல சந்தேகம் வந்துபோச்சு. ஊட்டுல போயி வேற வேலை பாத்துக்கலாம்னு சொல்லிப்போட்டு வந்தேன். நீங்க எதுக்கால உக்காந்து எழுதிட்டிருந்தீங்க."

"இன்டர்வியூல நான் போட்ட படத்தை உள்ளங்கையால அழிச்சீங்க" என்றாள். ஐந்து வருடமாக மனதில் வைத்திருந்தது. வாய்விட்டுச் சொன்னபோது ரொம்பச் சின்னதாக ஒலித்தது.

தனபால் அவளை உற்றுப் பார்த்தான். "எந்தப் படமுங்க?"

அவனுக்கு உண்மையாகவே நினைவில்லை. அது அவன் முகத்திலேயே தெரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அழிச்சிருந்தா, படம் தப்பா இருந்திருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாடிக்கையாளர்கள் எட்டு புள்ளி ஒன்பதை வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய அடுத்த சிப்பை வேறு ஊர்க் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கிருபாசங்கர் அந்த நஷ்டத்துக்கு மௌனிகாவை மன்னிக்கவில்லை; நடுவில் தன்னை ஏமாளியாக்கியதற்கு அதைவிடவும் மன்னிக்கவில்லை. ஏப்ரலில் தனபாலை லீடாக்கி, அவளை அவனுக்குக் கீழே போட்டார். இரண்டு பேரையும் ஒரே அடியில் தண்டித்துவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம்.

தனபால் செய்த முதல் காரியம், செக்லிஸ்ட்டில் ஒரு வரி சேர்த்தது. கடைசி ஏழு நாளில் செய்யும் எந்த மாற்றத்துக்கும் இரண்டாவது ஆள் கையெழுத்து வேண்டும். அது ஆபீசில் 'மௌனிகா ரூல்' ஆகிவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்கள் மௌனிகா என்றால் யாரென்று அவளிடமே கேட்பார்கள். "நான்தானுங்க" என்பாள்.

கோயம்புத்தூரில் இந்த வேலைக்கு வேறு இடங்கள் அதிகமில்லை. பெங்களூருக்குப் போவது முடியாது. மகள் பள்ளி, கிஷன் வேலை, அப்பாவுக்கு முட்டி வலி. அதனால் இருந்தாள். அவள் டிசைனை அவன் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினான். மூன்று முறை, நான்கு முறை. காரணம் எழுதியிருப்பான், பாதிக் காரணம் வேண்டுமென்றே எழுதியதாக இருக்கும். அவள் அவன் டிரான்ஸ்மிட்டரை அதே கண்ணோடு பார்த்தாள். அவன் ஒரு இடத்தில் ஒரு கம்பியை மற்றதைவிட நான்கு மைக்ரான் நீளமாக விட்டிருந்ததைக் கண்டுபிடித்து, கிருபாசங்கருக்கும் காப்பி போட்டு மெயில் அனுப்பினாள். வேறொரு வாடிக்கையாளருக்குச் செய்த சிப்பு ஏழரை மில்லிவாட்டில் வந்தது. நூற்றைந்து டிகிரியில், வந்த நாற்பதும் ஓடின. அன்று இரண்டு பேரும் வேறு வேறு லிஃப்டில் இறங்கினார்கள்.

போன மாதம் தனபால் ஒரு வாரம் லீவில் இருந்தான். மௌனிகாவின் புது ரிசீவருக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது. தானே போட்டுத் தருவதாகக் கிருபாசங்கர் சொன்னார்.

"வேண்டாமுங்க சார். அவரு வரட்டும்" என்றாள்.

அவன் திங்கட்கிழமை வந்தான். புதன்கிழமை பதினொரு குறைகள் எழுதித் திருப்பி அனுப்பினான். உட்கார்ந்து படித்தாள். அவற்றில் ஒன்பது, குறையே இல்லை. அந்த ஒன்பதுக்கும் ஒவ்வொரு வரியாகப் பதில் எழுதினாள், எந்த வரியிலும் மரியாதை குறையாமல், எந்த வரியிலும் இளகாமல். மற்ற இரண்டையும் திருத்தினாள்.